படிவத்தில் இல்லாத ஆறாவது ஏன்

கார்க் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கிறோம். கையை எடுத்ததும் அது தானாகத் திரும்பிப்போய்க் கதவோடு ஒட்டிக்கொள்கிறது. ஏன் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. போகாமல் தொங்கினால்தான் கேட்பார்கள். அதைத் திருப்பி அனுப்புகிற சுண்டுவிரல் நீள ஸ்பிரிங்கை, தெருக்கோடிப் பட்டறை ஒன்றில் ஒன்பது பேர் செய்துகொண்டிருந்தார்கள். பட்டறையை நடத்தியவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவரான, பொட்டலம் கட்டும் அம்மாகூட.

ஸ்பிரிங் செய்வது பார்வைக்குச் சுலபம். பெரிய சுருளிலிருந்து புறப்படும் கம்பி, முதலில் ஐந்தாறு உருளைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து நிமிர்கிறது. நிமிர்ந்த கம்பியை இயந்திரம் ஒரு கெட்டியான முனைமேல் முட்டித் தள்ளுகிறது. முட்டிய கம்பிக்கு நேரே போக வழியில்லை, வளைகிறது. தள்ளத் தள்ள வளைந்துகொண்டே போய்ச் சுருளாகிறது. அதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். வளைத்த கம்பிக்குள் ஒரு முறைப்பு இருக்கும். பழையபடி நிமிர்ந்துவிடலாமா என்று சமயம் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த முறைப்பு அடங்க அரைமணி நேரம் அடுப்பில் வைத்துச் சூடு காட்ட வேண்டும். சிவக்கிற அளவுக்கு அல்ல, லேசாக நிறம் மாறுகிற அளவுக்கு. அடுப்பைப் பார்த்துக்கொண்டவன் அக்காவின் தம்பி. கடைசியாக, துருவைத் தடுக்கும் எண்ணெயில் ஒரு முக்கு, ஒரு வடி, அப்புறம் பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி. பொட்டலம் கட்டும் அம்மா ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச்சீட்டு வைத்து, அதில் நீல மையால் தேதியும் தன் கையெழுத்தும் போடுவார். இவ்வளவுதான். இதில் எந்த இடத்திலும் ஆலோசகர் என்று ஒருவர் தேவைப்படவில்லை.

ஆனாலும் வந்தார்.

பெருந்தொற்று வந்தபோது கார் கம்பெனி நாலு மாதம் மூடிக்கிடந்தது. அது மூடினால் பட்டறையும் மூடத்தான் வேண்டும். கதவே இல்லாதபோது கைப்பிடிக்கு என்ன வேலை? மறுபடி திறந்ததும், நலிந்த சிறு பட்டறைகளை மீட்டெடுக்கிறோம் என்று கார்த் தொழில் கூட்டமைப்பு கிளம்பியது. பட்டறைக்கு வேண்டியிருந்தது கம்பி, ஆர்டர், நோய் தொற்றாமல் வேலை செய்ய ஒரு வழி. கம்பி தட்டுப்பாடு. ஆர்டர் பாதி. வழியை அக்காவே கண்டுபிடித்தாள்: தரையில் கோடு போட்டாள், சாப்பாட்டு நேரத்தை மூன்றாகப் பிரித்தாள், ஜன்னல்களின் கண்ணாடியைக் கழற்றி மூலையில் சாத்தினாள். கூட்டமைப்பு அனுப்பி வைத்தது ஒரு கையேட்டை. எழுபத்தாறு பக்கம், பட்டறைகளுக்கும் கம்பெனிக் கிடங்குக்கும் சேர்த்து. கூடவே அதை எழுதியவரையும்.

ஆலோசகர் அதற்கு முன்னால் ஹோட்டல்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர். கார்த் தொழிலோடு அவருக்கு இருந்த ஒரே உறவு, அவரிடம் ஒரு கார் இருந்தது. வாரம் ஒருமுறை அதில் வருவார். இறங்கியதும் இடுப்பிலிருந்து ஒரு தெளிப்பானை உருவி, கதவுக் கைப்பிடியின் மேலும் கீழும் சந்து பொந்தெல்லாம் பிளீச்சிங் தண்ணீரைப் புஸ் புஸ்ஸென்று அடிப்பார். கிளம்பும்போதும் அதே பூசை. தொற்று தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். தம்பி அவருக்குப் புஸ்வாணம் என்று பெயர் வைத்தான். சத்தத்துக்காக மட்டும் அல்ல.

முதல் வருகையிலேயே, இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஆறடி இடைவெளி வேண்டும் என்றார். மனிதர்களுக்கு நடுவே இருக்கிறதே என்று அக்கா தரைக் கோட்டைக் காட்டினாள். அது வேறு பக்கம், இது வேறு பக்கம் என்று கையேட்டைப் புரட்டினார். மெஷினுக்கு இருமல் வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றான் தம்பி. ஆலோசகர் தன் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதிக்கொண்டார்.

வேலை மெல்லச் சூடுபிடிக்க ஆரம்பித்த நேரத்தில், அனுப்பிய பன்னிரண்டு பெட்டிகள் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. உள்ளே ஸ்பிரிங்கெல்லாம் துரு. கூடவே கடிதம்: மூன்று நாளில் காரணத்தை உரிய படிவத்தில் எழுதித் தர வேண்டும், தவறு பட்டறையுடையது என்றால் மூன்று மாதத்துக்கு ஆர்டர் நிறுத்தம். நாலு மாதம் மூடிக்கிடந்து எழுந்து உட்கார்ந்த பட்டறைக்கு இன்னொரு மூன்று மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்கா யாருக்கும் விளக்கவில்லை. ஒன்பது பேரும் கடிதத்தைப் படித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

அக்கா பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கொட்டினாள். எண்ணெய் போதாமல் துருப்பிடித்தால் எல்லா ஸ்பிரிங்கிலும் சீராகப் பிடிக்கும். இதில் மேலே இருந்தவை மட்டும் துருவேறிப் பழுத்திருந்தன. அடியில் கிடந்தவை பளபளவென்று எண்ணெய் மினுக்கத்தோடு இருந்தன. பழுத்தவற்றிலும் துரு புள்ளி புள்ளியாக, சாரல் அடித்த மாதிரி இருந்தது. பைகள் எல்லாம் பிரித்துக் கட்டப்பட்டிருந்தன. அப்போதுதான் பொட்டலம் கட்டும் அம்மா தன் துண்டுச்சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அக்கா, நான் போட்ட கையெழுத்து எங்க போச்சு?"

நீல மை பாதி காணாமல் போயிருந்தது. நனைந்து பரவவில்லை; வெள்ளை வெள்ளைப் பொட்டுகளாக வெளுத்திருந்தது. அக்கா சீட்டை மூக்கருகே கொண்டுபோனாள். கழுவிய கழிப்பறை வாசனை.

அவள் மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் எண்ணெயில் முக்கிய புது ஸ்பிரிங் ஐந்து போட்டாள். முதலாவதில் ஒன்றும் தெளிக்கவில்லை. இரண்டாவதில் குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் பிளீச்சிங் தண்ணீர். மூன்றையும் பையால் மூடிக் கட்டிவிட்டு, ஆலோசகரின் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுபத்தாறு பக்கத்தையும் முழுசாகப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். எழுதியவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, காரணப் படிவத்தை நிரப்ப உதவுவதற்காக ஆலோசகர் வந்தார். கைப்பிடிக்கு அடித்துவிட்டு உள்ளே வந்தார்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல விஷயம். கார்த் தொழிலில் ஒரு குறை வந்தால் ஏன் என்று கேட்பார்கள். வருகிற பதிலையும் விடாமல் ஏன் என்று கேட்பார்கள். இப்படி ஐந்து முறை. முதல் பதில் எப்போதும் மேலாகத் தெரிகிற இலை; ஐந்தாவதுக்குள் வேர் கைக்கு வந்துவிடும். நேர்மையாகக் கேட்டால் இதைப்போல வேலை செய்கிற கருவி வேறில்லை. ஆனால் கத்தி யார் கையில் இருக்கிறது என்பதும் ஒன்று உண்டே.

ஆலோசகர் ஐந்து கட்டங்களையும் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். ஏன் துரு? எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெயில் முக்கி எடுத்தவர் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? பயிற்சி இல்லை. ஏன் பயிற்சி இல்லை? நிர்வாகத்துக்கு அக்கறை இல்லை. ஏன் அக்கறை இல்லை? கையேட்டைப் படிக்கவில்லை.

"கையெழுத்து மட்டும் போடுங்க மேடம். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

அக்கா பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கம்பெனிக் கிடங்கில் அவருடைய கையேட்டை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா என்று அக்கறையாக விசாரித்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"முப்பத்தோராம் பக்கம் அப்படியே நடக்குது மேடம். வர்ற பெட்டி ஒண்ணு விடாம திறந்து, உள்ள பையையும் பிரிச்சு, பிளீச்சிங் தண்ணி அடிச்சு, உடனே கட்டி மூடிடுறாங்க. முதல் நாள் நானே நின்னு அடிச்சேன். இதோ பாருங்க."

செல்போனில் படம். மூக்குவரை முகக்கவசம் போட்டு, துப்பாக்கி பிடித்த வீரன்போலத் தெளிப்பானை நீட்டிக்கொண்டிருந்தார். முன்னால் திறந்த பெட்டி. பிரித்த பைக்குள் ஒரு துண்டுச்சீட்டு.

"அட, என் கையெழுத்து. இங்க இருக்கு பாருங்க," என்றார் பொட்டலம் கட்டும் அம்மா.

அக்கா மூன்று டம்ளரையும் கொண்டுவந்து படிவத்தின் மேலேயே வைத்தாள். முதல் இரண்டில் ஸ்பிரிங் அப்படியே இருந்தது. மூன்றாவதில் செங்கல் நிறம். அவள் குரலை உயர்த்தவில்லை. இயந்திரத்தைப் புதிதாகப் பார்க்க வந்தவருக்கு விளக்குவதுபோலத்தான் சொன்னாள்.

"பிளீச்சிங் தண்ணி கிருமியைத் தின்னும் சார். இரும்பையும் தின்னும். அதுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்க எண்ணெய் வெறும் ஈரத்துக்குத் தாங்கும், இதுக்குத் தாங்காது. அடிச்ச கையோட மூடினா ஈரம் வெளிய போகவும் வழியில்லை. துருவுக்கு நீங்களே வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க."

ஆலோசகர் மூன்றாவது டம்ளரைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். நாற்காலியை ஆறடி இடைவெளியிலிருந்து இரண்டடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். உண்மை ஒருபக்கம் இருக்கட்டுமாம். கம்பெனிக் கிடங்கில்தான் தவறு என்று எழுதினால் பெரிய இடத்துக் கோபம் வருமாம். எண்ணெய் என்றே எழுதிவிட்டால் வெறும் மூன்று மாதம்தானாம். அப்புறம் பழையபடி ஆர்டர் வர அவரே பேசுவாராம்.

"மூணு மாசம் இந்த ஒன்பது பேரும் உங்க கையேட்டையா சார் சாப்பிடுவாங்க?"

ஆலோசகர் கையேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

அக்கா வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, அவர் எதிரிலேயே எழுதினாள். ஏன் துரு? பிளீச்சிங் தண்ணீர் பட்டது. ஏன் பட்டது? பைகளைப் பிரித்துத் தெளித்தார்கள். ஏன் தெளித்தார்கள்? கையேட்டின் முப்பத்தோராம் பக்கம் சொன்னது. ஏன் சொன்னது? எழுதியவருக்கு இரும்பைத் தெரியாது. தெரியாதவர் ஏன் எழுதினார்? தெரிந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கட்டம் தீர்ந்துவிட்டது. அவள் ஒரு தாளைக் கிழித்துப் படிவத்தின் அடியில் ஒட்டி, ஆறாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். 'ஏன் கேட்கவில்லை? இதை நீங்கள் நிரப்பவும்.'

பெட்டியில் மூன்று டம்ளர்களும் வெளுத்த துண்டுச்சீட்டும் படிவத்தோடு கம்பெனிக்குப் போயின. பெரிய இடத்தோடு மோதுகிறோமே என்று தம்பிகூட ஒருமுறை தயங்கினான். பொய்யில் கையெழுத்துப் போட்டாலும் பட்டறை மூடத்தான் போகிறது, மூடுவதை உண்மையோடு மூடுவோம் என்றாள் அக்கா.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. கிடங்கு நடைமுறையில் தொடர் மேம்பாட்டின் ஒரு பகுதியாக உலோகப் பாகங்கள்மேல் தெளிப்பது கைவிடப்பட்டதாம். துருப்பிடித்தவற்றுக்குப் பதிலாக இருபதாயிரம் ஸ்பிரிங் உடனே வேண்டுமாம். ஆறாவது கட்டத்தை நிரப்பவில்லை. அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இயந்திரத்தைப் போடச் சொன்னாள். பொட்டலம் கட்டும் அம்மா புது மைப்பேனா கேட்டார்.

அடுத்த மாதமே கையேட்டின் இரண்டாம் பதிப்பு வெளிவந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு பக்கம். முப்பத்தோராம் பக்கத்தில் மூன்று டம்ளர்களின் படம். கீழே, ஆலோசகரின் முன்னோடி ஆய்வு என்று ஒரு வரி. மீட்புப் பணிக்காகக் கூட்டமைப்பு அவருக்குக் கேடயமும் கொடுத்தது. நம் டம்ளரையாவது திருப்பித் தருவார்களா என்று தம்பி கேட்டான்.

புதுப் பதிப்பைக் கொடுக்க ஆலோசகர் நேரிலேயே வந்தார். காரை விட்டு இறங்கியவர் வழக்கம்போலத் தெளிப்பானை உருவினார், ஆனால் அடிக்கவில்லை. கதவுக் கைப்பிடி உள்ளே போகாமல், தாகமெடுத்த நாயின் நாக்குப்போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினார். தள்ளினார். மறுபடி தொங்கியது.

"மேடம், இது உள்ள போக மாட்டேங்குது. நீங்க செய்யறதுதானே, என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

தம்பி உள்ளே போய் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துவந்தான்.

"முதல் ஏன்ல இருந்து ஆரம்பிக்கலாமா சார்?"

அக்கா அவனைப் பார்வையாலேயே அடக்கினாள். வேலை செய்யாத ஸ்பிரிங்கைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அது யாருடைய காராக இருந்தாலும் சரி. கதவின் உள்பலகையைக் கழற்றினாள். அரித்து இரண்டாக முறிந்திருந்த பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுத்தாள். அன்று காலை அடுப்பிலிருந்து இறங்கி எண்ணெயில் முங்கிய புதியதைப் பொருத்தினாள். கைப்பிடியை இழுத்து விட்டாள். சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறையும் இழுத்து விட்டாள், பார்க்க நன்றாக இருந்ததால்.

பழையதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். துரு அவர் ரேகைகளில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னொரு கையால் அவர் அவசரமாகத் தெளிப்பானைத் தேடினார்.