இடது பக்கப் பின்கதவு

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கார் ஷோரூமின் பின்பக்க யார்டில் நின்ற வெள்ளை வண்டியின் இடது பின்கதவைச் சங்கரி திறந்து மூடினாள். மற்ற மூன்று கதவுகளும் ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டன. இது மட்டும் லேசாக முரண்டு பிடித்தது. குனிந்து கதவோர ரப்பரை விரலால் விலக்கினாள். ரப்பரில் வெள்ளை பெயிண்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. புது வண்டியில் அப்படி இருக்காது. செங்கல்பட்டில் ஆறு வருஷமாகக் கார் விற்பவளுக்கு அது தெரியாதா?

இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் ஜோதிலட்சுமி வந்துவிடுவார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். பதினோரு வருஷம் ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வந்தவர் வாங்கும் முதல் கார் இது. வண்டியைப் பார்த்து, குறையில்லை என்று கையெழுத்துப் போட்டால் மத்தியானமே அவர் பெயரில் பதிவுக்குப் போய்விடும். அப்புறம் மாற்றித் தரமாட்டார்கள்.

யார்டைப் பார்த்துக்கொள்ளும் கலையரசனைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கதவுக்கு இன்னா ஆச்சு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "கேக்காதக்கா. பேஜாராயிடும்."

"சொல்லு கலை."

"போன ஞாயித்துக்கெழம ஹரி சார் குடும்பத்தோட மகாபலிபுரம் போனாரு. டெமோ வண்டி ரெண்டும் வெளிய பூட்ச்சி. மீட்டர் ஓடாம பண்ணிட்டு இத்த எடுத்துகினு பூட்டாரு. ரிசார்ட் கேட்ல இடிச்சிகினு வந்தாரு. மறுநாளே நம்ம ஒர்க்‌ஷாப்புல தட்டி, பெயிண்ட் அடிச்சாச்சு. என் பேர இழுத்துடாதக்கா."

ஹரிஹரன் சேல்ஸ் மேனேஜர். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்கும் டெமோ வண்டியை மேனேஜர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அது கம்பெனி தரும் சலுகை. மற்றவர்களுக்கும் சலுகைகள் உண்டு. சொந்தத்துக்குக் கார் வாங்கினால் தள்ளுபடி, சர்வீஸில் கூலி கிடையாது, வருஷத்தில் அதிகம் விற்றவருக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர். இந்த வருஷம் சங்கரி பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் இன்னொருவருக்கென்று ஒதுக்கிய புது வண்டியைத் தொட யாருக்கும் உரிமையில்லை.

நேராக அவர் அறைக்குப் போனாள்.

"ஒரு கதவு. அவ்ளோதானே? பாத்தா தெரியுதா?" என்றார் ஹரிஹரன்.

"தெரியல சார். அதான் பயமா கீது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரிலேர்ந்து உங்கம்மாவ படாளத்துக்குக் கூட்டினு போக டெமோ கார் கேட்டியே, அன்னிக்கு நான் ரூல் பேசினேனா?"

ஒரு நாளைக்குக் கேட்ட சங்கரிக்கு இரண்டு நாள் கொடுத்தவர் அவர்.

"டூர் லிஸ்ட் திங்கக்கெழம போவுது. நான்தான் அனுப்பணும். யோசிச்சுக்கோ."

பத்தரைக்கு ஜோதிலட்சுமி மகள் கீர்த்தனாவோடு வந்து இறங்கினார். எட்டு வயசுக் குழந்தை ஓடிப்போய் அந்த இடது பின்கதவையே திறந்து உள்ளே ஏறிக்கொண்டது. "அம்மா, இதுதான் என் சீட்டு!" கதவை இழுத்துச் சாத்தியது. சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி ஓங்கிச் சாத்தியது.

மூன்றடி தள்ளி ஹரிஹரன் சிரித்த முகத்தோடு நின்றிருந்தார். ஜோதிலட்சுமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்தார். பேனா முனை தாளைத் தொடப்போன நேரத்தில், சங்கரி தன்னையறியாமல் உள்ளங்கையை அந்தத் தாள்மேல் வைத்தாள்.

"மேடம், போடாதீங்க. இந்தக் கதவு இடிபட்டு, பெயிண்ட் அடிச்சது."

"சங்கரி!" என்றார் ஹரிஹரன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ரப்பரை விலக்கிக் காட்டினாள். ஜோதிலட்சுமி குனிந்து, காய்ந்த பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"காலையில மேடம்."

"ஒரு போன் பண்ணியிருந்தா என் பொண்ணயாவது கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனே."

அதற்குள் கீர்த்தனா அழ ஆரம்பித்திருந்தாள்.

சத்தம் கேட்டு முதலாளி அப்பாசாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கேட் கேமராவை ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் தெரிந்துபோயிற்று. ஹரிஹரனை வேறு கிளைக்கு மாற்றினார்கள். கேட்டைத் திறந்துவிட்டதற்காகக் கலையரசனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். திரும்பி வந்தபிறகும் அவன் சங்கரியோடு பேசவில்லை. சங்கரியை அப்பாசாமி தனியாகக் கூப்பிட்டார். "நீ பண்ணது சரிதாம்மா. ஆனா என்கிட்டதான் மொதல்ல வந்திருக்கணும்." ஹரிஹரன் மாறிப்போகுமுன் அனுப்பிய சிங்கப்பூர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

பத்து நாள் கழித்து வேறு வண்டி வந்தது. ஜோதிலட்சுமி தனியாகத்தான் வந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்து, ரப்பரை விலக்கி, விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் குனிந்த இடமெல்லாம் சங்கரியும் குனிந்து, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை கடுத்தது. அவசரப்படுத்தத் தோன்றவில்லை.