தட்டில் குலுங்கிய ஏலக்காய்

ஆலப்புழையிலிருந்து சங்கனாசேரிக்குப் படகில் மூன்று மணி நேரம். பஸ்சில் ஒரு மணி நேரம்தான். இதை ஹபீப் ரஹ்மான் காலையிலிருந்து நான்கு முறை மனைவி கமர்நிசாவிடம் சொல்லிவிட்டார்.

"மெதுவாப் போகத்தானே வந்தோம். உக்காருங்க."

உட்கார முடியவில்லை. போடிமெட்டுச் சரிவில் அவருடைய ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், நேற்று மதியம் ஏற்றிய காய் இன்னும் சூட்டில் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரன் சுருளிவேலின் காய். காற்றில் சாய்ந்த தோட்டத்தைத் திரும்ப நட்டு, மூன்று வருஷம் காத்திருந்து எடுத்த முதல் பறிப்பு. "நீங்க இருக்கீகல்லண்ணே" என்று ஒப்படைத்திருந்தான். படகோ ஒரு மாதம் முன்பே பேசியது. அதனால் காய் மகள் அல்ஃபியாவிடம், அவர் இங்கே.

ஏலக்காயை உலர்த்துவது பொறுமையான வேலை. அறைக்குள் தட்டுத் தட்டாகப் பரப்பி, வெளியே எரியும் விறகின் சூட்டைக் குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். முதலில் ஜன்னலைத் திறந்து ஈர ஆவியை வெளியேற்ற வேண்டும். பிறகு மூடி, இளஞ்சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள். சூடு கூடினால் பச்சை வெளிறிக் காய் வெடிக்கும். ஈரத்தோடு இறக்கினால் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். இறக்கும் நேரத்தை ஹபீப் ரஹ்மான் காதால் அறிவார். ஒரு பிடி காயை ஆறவிட்டு, இரண்டு உள்ளங்கைக்குள் மூடிக் குலுக்குவார். விதை சலசலத்தால் பக்குவம்.

பத்து மணிக்கு மகளை அழைத்தார். "ஃபோன் பக்கத்துல வச்சுக் குலுக்கு ஆத்தா."

படகின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. படகோட்டி தங்கச்சனிடம் சொல்லி என்ஜினை நிறுத்தினார். படகு மிதந்துபோய் ஆகாயத்தாமரைக்குள் முகத்தைச் செருகி நின்றது.

"ஏலக்காய்க்கு பிரேக் போட்ட ஆளு நீங்கதான்" என்றாள் கமர்நிசா.

கலகலவென்று கேட்டது. "காஞ்சிருச்சு. வெரசா இறக்கிரு" என்றார். முகம் தெளிந்தது.

கமர்நிசா அவித்த கடலையை எவர்சில்வர் தட்டில் கொட்டினாள். கலகல. ஹபீப் ரஹ்மான் தட்டையே பார்த்தார். ஒரு கடலையை நசுக்கினார். தண்ணீர் வந்தது. உள்ளங்கை மெத்தென்றிருக்கும், விதை மட்டுமே பேசும். தட்டிலோ ஈரக்காய் விழுந்தாலும் தட்டுதான் பேசும்.

"அவ தட்டுல போட்டுக் குலுக்கியிருக்கா கமரு."

அழைத்தார். சிக்னல் இல்லை.

"தங்கச்சா, வேகமாப் போ."

"பற்றில்ல சேட்டா. திர அடிச்சா வரம்பு போகும்" என்று தலையாட்டி மறுத்தான் தங்கச்சன்.

அவன் கையைக் காட்டிய பக்கம் நெல்வயல்கள் வாய்க்கால் நீரைவிடத் தாழ்வாகக் கிடந்தன. நடுவே ஒரு மண் வரம்பு மட்டும். படகு விரைந்தால் எழும்பும் அலை, வரம்பின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அது உடைந்தால் வயல் குளமாகும். நியாயம்தான். ஆனாலும் அவர் முனைக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றால் கொஞ்சம் முன்னதாகச் சேர்ந்துவிடலாம் என்பதுபோல.

சங்கனாசேரித் துறையில் படகு அணைவதற்குள் குதித்துவிட்டார். கமர்நிசா பார்க்க ஆசைப்பட்ட பேராலயத்தின் வாசல்வரை நடந்த பிறகுதான் சிக்னல் வந்தது.

"இறக்கிட்டியா?"

"இல்ல அத்தா" என்றாள் அல்ஃபியா. "ஒரு தட்டு எடுத்து ஆறவச்சுக் காயை மடக்கிப் பாத்தேன். தோலு நாரா வளையுது, ஒடியல. திருப்பி வச்சுட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மறுபடி படகை நிறுத்துவீங்க. சுருளிவேல் மாமா வேற இங்க வந்து உக்காந்து கதவத் தொறன்னாரு. ரெண்டு மணிக்கு முன்ன கதவு தொறக்காதுன்னு டீக்கடைக்கு அனுப்பிட்டேன். நீங்களும் அதுவரைக்கும் கூப்பிடாதீங்க, சூட்டைப் பாக்கணும்."

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். எதிரே குமுளி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறினால் இருட்டுவதற்குள் மலைக்குப் போய்விடலாம். அதற்குள் காயை இறக்கி முடித்திருப்பாள்.

"ஏறப் போறீங்களா?" என்றாள் கமர்நிசா. குரலில் கோபமில்லை, பதில் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"மணி என்ன?"

"பன்னெண்டே கால்."

ஃபோனை அவள் பையில் போட்டுவிட்டுப் பேராலயத்துக்குள் நடந்தார். நாலு எட்டு வைத்ததும் திரும்பினார்.

"இப்ப?"