எழுபத்தேழாம் ஆண்டுத் தழும்பு

சண்முகநாதனின் வயிற்றுத் தழும்புக்குக் கம்பளையில் இருந்த மரியாதை அவனுக்கே கிடையாது. எழுபத்தேழு இனக்கலவரத்தில் கைக்குழந்தையாகக் கத்திக்குத்து வாங்கியும் பிழைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் இராஜேஸ்வரியின் அப்பா பெண்ணைக் கொடுத்தார். "கெட்டி ஆயுசு மாப்பிள்ளை" என்பார்.

இப்போது அவன் ஆயுசு யாருக்கு வேண்டும்? கண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த இராஜேஸ்வரிக்கு வேண்டியது ஒரு பீத்துணி. பெற்று இரண்டு நாளாகியும் பிள்ளை வெளிக்குப் போகவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. பச்சையாக வாந்தி வேறு. கறுப்பாக ஒரு பொட்டுப் பட்டால் போதும், கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு ஒப்பரேஷன் செய்யும் டொக்டர் சோதிலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். வந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்கட குடும்பத்தில ஆருக்காவது பிறந்தவுடன இப்பிடி வயிறு வீங்கினதோ?"

"எங்க பரம்பரையிலேயே கெடையாதுங்க" என்று முந்திக்கொண்டாள் மாமியார் இரத்தினம்மா. "அவங்க பக்கம் எப்படியோ!"

இராஜேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுலயும் யாருக்கும் இல்லங்க டொக்டர்" என்பதற்குள் கண்ணீர் முட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சண்முகநாதன் வந்தான். சட்டையில் பொத்தான் இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. கண்டித் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்ததிலிருந்து மூலைக்கு மூலை செக்பொயின்ட். அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்த ஆமிக்காரர்கள், தழும்பைக் கண்டதும் புலியென்று பிடித்து வைத்து, இப்போதுதான் விட்டிருந்தார்கள்.

"எழுபத்தேழுல குத்துனதுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பலைங்க டொக்டர்!" என்று வயிற்றைக் காட்டினான்.

டொக்டர் குனிந்து தழும்பை விரலால் தடவினார்.

"நானும் நம்பமாட்டன். கலவரக்காரன் இவ்வளவு நேரா வெட்டுவானோ? இஞ்ச பாரும், தையல் தடம். இது குடலை வெளியில எடுத்து வைச்சுப் பிறகு மூடின இடம். இது ஒப்பரேஷன், தம்பி. ஆர் உமக்குக் கத்திக்குத்து எண்டது?"

"அம்மாதான்."

எல்லாரும் இரத்தினம்மாவைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே ஓவென்று அழுதாள்.

"இவனுக்கும் இப்படித்தான் வீங்கிச்சு. வெட்டித்தான் காப்பாத்துனாங்க. கொடல் கோளாறு புள்ளைன்னா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அதே வருசம் கலவரமும் வந்துச்சா, பழிய அது தலையில போட்டுட்டேன். இது புள்ளைக்கும் எறங்கும்னு நான் என்னத்தக் கண்டேன்!"

"அப்ப இத்தன வருசமா சொன்னதெல்லாம் பொய்யா?" என்று சண்முகநாதன் பாய்ந்தான்.

"சண்டையைப் பிறகு பிடியுங்கோ" என்றார் டொக்டர். "குடலின்ர கடைசித் துண்டில நரம்பு வளராட்டி மலம் நகராது. பரம்பரையில வரக்கூடிய வருத்தம், ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் கூட வரும். எல்லாப் பிள்ளைக்கும் வரவேணுமெண்டில்லை, ஆரிலயும் பிழையுமில்லை. இனி எனக்கு எங்க தேடவேணுமெண்டு தெரியும். சோதிச்சு உறுதியெண்டால் உடன ஒப்பரேஷன்." பிறகு இராஜேஸ்வரியிடம் திரும்பினார். "பயப்பிடாதையும் பிள்ளை. இந்த வருத்தம் வந்து சுகமானவன் எப்பிடி இருப்பான் எண்டு பாக்கோணுமோ? உதில நிக்கிறார், பாரும்."

இராஜேஸ்வரி பார்த்தாள். தொந்தியும் தொப்பையுமாக, கொத்துரொட்டியென்றால் இரண்டு பேர் பங்கை ஒருவனே தின்கிற மனுஷன். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

டொக்டர் நினைத்தது சரியாகவே இருந்தது. மறுநாள் ஒப்பரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றில் குடலுக்குச் சின்ன வாய் வைத்தார்கள். அதன் வழியாகக் கறுப்பு மலம் வந்ததைக் கண்டதும், "வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று இராஜேஸ்வரி போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வெட்கமே இல்லை. பிள்ளை கொஞ்சம் தேறியதும் பழுதான குடலை எடுத்துவிட்டு வாயை மூடிவிடலாம் என்றார் டொக்டர்.

இரத்தினம்மா தயங்கித் தயங்கிக் கட்டிலருகே வந்தாள்.

"கோவமா, ஈஸ்வரி?"

"கோவம்தான் அத்தை. டொக்டர் கேட்டப்பவும் வாயத் தொறக்கலையே நீங்க! ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா எங்கப்பா என்னையக் குடுத்திருக்க மாட்டாரு. அப்புறம் இவன் ஏது?"

இரத்தினம்மாவுக்கு உயிர் வந்தது. பேரனை ஆசையாகப் பார்த்தாள். பார்க்கும்போதே யோசனையும் ஓடத் தொடங்கிவிட்டது.

"அப்ப இவன் தழும்புக்கு என்னன்னு சொல்லலாம்?"

"உள்ளதச் சொல்லுங்க அத்தை" என்றாள் இராஜேஸ்வரி. "இவனுக்கு ஒரு புள்ள பொறந்தா, அதோட உசிரு அந்தச் சொல்லுலதான் இருக்கு."