கூண்டு ஏற்றாத நாள்

துறைமுக வாசலுக்குள் நுழைகிற கூலிக்காரன் எவனும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கம்பத்தைத்தான். புயல் வருகிறதென்றால் அதில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் நம்பர் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. மூன்று என்றால் காற்று பலமாக வீசும். அதற்கும் மேலே போனால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். இருபத்தெட்டு வருஷமாகக் கப்பலிலிருந்து உரமூட்டை இறக்குகிறேன். நாற்பத்தாறு வயதில் சங்கத்துக்காரர்கள் நடத்திய வகுப்பில்தான் எழுத்துப் படித்தேன். அதற்கு முன்னால் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே விஷயம் அந்தக் கம்பம். ஒரு நாளும் அது என்னை ஏமாற்றியதில்லை.

என் அண்ணன் மகன் பாலகணேஷ் கப்பலில் பிட்டர் வேலை பார்க்கிறான். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்து, எங்கள் மாப்பிள்ளையூரணிக்கே கூட்டி வந்துவிட்டான். பெயர் ரோவேனா. என் மனைவி முத்துக்கனி வாயில் அது ரோவு ஆயிற்று. அண்ணனும் மதினியும் இல்லாத அந்த ஓட்டு வீட்டில், எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளத்தெருவில், அவள் இருந்தாள். இரண்டு வருஷத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். வாசிக்க வரவில்லை. போன முறை கப்பலேறும்போது பாலகணேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, அவளுக்கு இங்கன வேற ஆளு கிடையாது. ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றான்.

மார்கழி பிறக்கிற அந்தச் சனிக்கிழமை ராத்திரி மழை பிடித்தது. ஞாயிறு மத்தியானம் வரை ஒரு நிமிஷம் ஓயவில்லை. எங்கள் நடையில் ரோவேனா வந்து நின்றாள். மழைக்கோட்டு, முதுகில் சிவப்புப் பை. தெருமுனையில் அய்யாக்குட்டியின் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

அந்தப் பையை எங்கள் தெரு முழுக்கத் தெரியும். கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும். உள்ளே பாஸ்போர்ட், இங்கே தங்குவதற்குப் போலீஸ் ஆபீசில் பதிந்து கொடுத்த காகிதம், டார்ச், பிஸ்கட், மாத்திரை. வாரில் ஒரு மஞ்சள் விசில். வெளிநாட்டில் இருக்கிறவள் எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியதாம்.

முத்துக்கனி சிரித்துவிட்டாள். "ஏளா ரோவு, எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்க?"

"டவுனுக்கு, சித்தி. ரீனா வீடு. மூணாவது மாடி. தண்ணி வராது." ரீனா அவளோடு மாதா கோயிலுக்கு வருகிற சிநேகிதி.

"இங்கன மட்டும் வந்துருமாக்கும். போன மழைக்கும் இப்படித்தான் பையத் தூக்கிட்டு நின்ன. மறுநா வெயிலு பல்லக் காட்டிச்சு."

ரோவேனா அவளோடு வாதாடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். "சித்தப்பா, சிக்னல் நம்பர் எத்தனை?"

அவள் நாட்டிலும் புயலுக்கு நம்பர் உண்டு. வருஷத்துக்கு எத்தனையோ புயல் பார்த்தவள். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த பாடத்தை எங்களிடம் பலமுறை ஒப்பித்திருக்கிறாள். "நம்பர் தெரிஞ்சா, நம்பர் சொல்ற மாதிரி செய். நம்பர் தெரியலையா, மொதல்ல மேல போ. பொறவு கேளு." அந்தப் 'பொறவு' எங்களிடம் படித்தது.

கைபேசியை நீட்டினாள். அரசாங்கத்திலிருந்து தமிழில் ஒரு செய்தி வந்திருந்தது. நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

"இது ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆத்தங்கரையில கெடக்கிறவங்களுக்குத் தாயி. நம்மளுக்கு இல்ல" என்றேன்.

அந்தச் செய்தியில் ஸ்ரீவைகுண்டம் என்று ஓரிடத்திலும் இல்லை.

"நம்பர்?" என்றாள் மறுபடியும்.

துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிற தனராஜைக் கூப்பிட்டேன். என் கோஷ்டியில் மூட்டை பிடிக்கிறவன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"வே, கூண்டு ஏத்திருக்கானா?"

"ஒரு மயிரும் ஏத்தல. கம்பம் மொட்டையா நிக்கி. நாளைக்கு ஆறு மணி ஷிப்டு உண்டு, தூங்கிராதயும்."

நான் அவளைப் பார்த்துக் கையை விரித்தேன். "கேட்டியா? நம்பரே கெடையாது."

அவள் முகம் தெளிந்தது. நம்பர் இல்லை என்று துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஆள் சொல்கிறான். அதற்கு மேல் என்ன வேண்டும்?

அய்யாக்குட்டி மழையில் நனைந்துகொண்டே வந்தான். "அண்ணாச்சி, இப்பம் போனாத்தான் உண்டு. ரயில்வே பாலத்துக்கடியில இப்பவே தண்ணி நிக்கி. ஏறுதாளா, இல்லையா?"

"ஏறல. நீ போ."

"கூப்பிட்டதுக்கு வந்தேன். பொறவு என்னையச் சொல்லாதிய." ஆட்டோவைத் திருப்பினான். சக்கரம் மூழ்கி மூழ்கி எழுந்து போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூண்டு மட்டும் காரணமில்லை. கப்பல்காரன் பொண்டாட்டி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று தெரு பேசும் என்றும் நினைத்தேன்.

"அப்பம் இங்கனயே படுத்துக்கோயேன்" என்றாள் முத்துக்கனி. பாலகணேஷ் கூப்பிடுவான், வைஃபை அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி ரோவேனா பள்ளத்தெருவுக்கு இறங்கிப் போனாள்.

திங்கள் விடிகாலை மழை தூறலாக இளைத்திருந்தது. பஸ் இல்லை. ஒரு உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். வாசலில் அண்ணாந்து பார்த்தேன். மொட்டைக் கம்பம். மனசு லேசாகி, கப்பலுக்குள் இறங்கினேன்.

எட்டு மணி இருக்கும். மேலேயிருந்து தனராஜ் கத்தினான். "வே மந்திரமூர்த்தி! ஏறி வாரும்! ஒங்க ஊருக்கு மேக்க குளம் ஒடஞ்சிருச்சாம்! வீடெல்லாம் முங்குதாம்!"

நான் ஏறி வந்து முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கம்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். "கூண்டு ஏத்தலையே" என்றேன்.

தனராஜ் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "குளம் ஒடஞ்சா எவம்வே கூண்டு ஏத்துவான்? அது கடலுக்குல்லா?"

இருபத்தெட்டு வருஷம். ஒரு நாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை. ஆபத்தென்றால் கிழக்கேயிருந்து, கடலிலிருந்துதான் வரும் என்று நானும், என்னைப்போல அத்தனை பேரும், மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றிருந்தோம். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் கடலின் பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

போன் போகவில்லை. ரோவேனாவுக்கும் இல்லை, முத்துக்கனிக்கும் இல்லை. நடந்தேன். ஊருக்குள் நுழைய நுழைய முழங்கால், தொடை, இடுப்பு. தண்ணீர் செம்மண் நிறத்தில் மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. மழை நின்றுவிட்டது. மழை நின்ற வானத்துக்குக் கீழே தண்ணீர் மட்டும் ஏறுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பிரிட்ஜ் மல்லாந்து மிதந்து போனது. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. யாரோ அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு என்றால் என்னவென்றே மறந்திருந்தது.

எங்கள் தெரு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. மேட்டுத்தெரு என்பதால் மார்பளவுதான். முத்துக்கனி மொட்டைமாடியில் நின்று என்னைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டாள்.

"ரோவு எங்கங்க? நாலு தடவ கூப்பிட்டேன், எடுக்கல. அந்தத் தெருவையே காணலங்க!"

திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தெருவில் வீடுகளின் ஓட்டுக் கூரைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

பக்கத்து மாடியில் அய்யாக்குட்டி. ஆட்டோ எங்கே முங்கியதோ. அவன் என்னை ஏசவில்லை. "நேத்து ஏற வந்தவள எறக்கி விட்டியளே, அண்ணாச்சி" என்றான், அவ்வளவுதான். பிறகு ஒரு லாரி டியூபைக் கீழே போட்டுவிட்டுத் தானும் குதித்தான்.

டியூபைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வீடு வரை போனோம். வாசற்கதவு திறந்து, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. நிலையின் மேற்கட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு சாண்தான் இடைவெளி. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே உள்ளே மோதித் திரும்பி வந்தது. மூச்சைப் பிடித்து முங்கினேன். கலங்கலில் கண் தெரியவில்லை. கையால் தடவினேன். கட்டில். கவிழ்ந்த பீரோ. மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டபோது எனக்கு உயிர் போய் வந்தது. தலையணை. கதவுக்குப் பின்னால் ஆணியைத் தடவினேன். ஆணி இருந்தது. பை இல்லை.

மேலே வந்து டியூபைப் பிடித்துக்கொண்டேன். பாலகணேஷிடம் என்ன சொல்வேன்? அவன் கடலில் இருக்கிறான். அவளைக் கரையில் விட்டுவிட்டுப் போனான்.

அப்போது விசில் கேட்டது. மூன்று தடவை. நிறுத்தம். மறுபடி மூன்று.

"பஸ்ஸு கண்டக்டரு விசிலாட்டும் இருக்கு" என்று நான் உளறினேன்.

"எந்த பஸ்ஸு அண்ணாச்சி ஓடுது?" என்றான் அய்யாக்குட்டி. அவன் கண்கள் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போயின.

பள்ளத்தெருவின் கடைசியில், எங்கள் மாடிக்குத் தெரியாமல் மரங்களுக்குப் பின்னால், நாலு காங்கிரீட் கால்களில் நிற்கிற உயரமான தொட்டி அது. சுற்றிச் சுற்றி ஏறுகிற படியில் ஆட்கள் காக்கை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். எல்லோருக்கும் மேலே சிவப்புப் பை.

படியின் அடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கீழ்ப்படியில் டீக்கடை சிவனணைந்தபெருமாள் இடுப்பில் ஈரச் சாரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏய் மந்திரம், ஒம் மருமவ எமகாதகிவே. விடிஞ்சும் விடியாம விசிலு. எவம்டா இதுன்னு ஏசிக்கிட்டே கதவத் தொறந்தேன், காலு நனையுது. கையப் புடிச்சு இழுக்கா. பீரோ சாவி எடுக்கணும்ங்கேன். 'பொறவு, பொறவு'ங்கா. நாங்க படியேறித் திரும்பிப் பாக்கதுக்குள்ள எங் கடை மேசை மெதந்து போவுது."

ரோவேனா மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் படிகளில் கையும் காலுமாக ஊர்ந்து அவளுக்கு இரண்டு படி கீழே வந்து உட்கார்ந்தேன். அவள் முதுகில் பை தட்டையாகத் தொங்கியது.

"பாஸ்போர்ட்டு?" என்று கேட்டேன். என்னவாவது கேட்க வேண்டுமே.

"பீரோவுல. எல்லாக் காகிதமும் பீரோவுல. நம்பர் இல்லைன்னு நீங்க சொன்னீங்க. அதுனால எடுத்து உள்ள வச்சேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. யாரோ கேட்டதற்கு விவரம் சொல்கிற குரல். சித்தப்பா என்று அவள் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கீழே யாரோ சத்தம் போட்டார்கள். அதற்கும் மேற்கே இன்னொரு குளம் இருக்கிறதாம், அதன் கரையும் தாங்காதாம். படியில் இருந்தவர்கள் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்கள். நாங்கள் இருந்த படி பாதி உயரம்தான். அதற்கு மேலே கைப்பிடி உடைந்து, கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன.

ரோவேனா என் தோளைத் தொட்டாள். கை பனிக்கட்டியாக இருந்தது.

"சித்தப்பா. நம்பர் எத்தனை?"

குத்திக்காட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னிடமே கேட்டாள்.

படியில் இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். துறைமுகம் இருக்கிற திசையில் பார்த்தேன். அங்கிருந்து கம்பம் தெரியாது. தெரிந்தாலும் அது மொட்டையாகத்தான் நின்றிருக்கும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் தலையசைத்தாள். விசிலை வாயில் வைத்து மூன்று தடவை ஊதினாள். பிறகு துருக்கம்பிக்கு ஒதுங்கி மேல்படியில் கால் வைத்து, எனக்குக் கையை நீட்டினாள்.

"அப்போ மேல வாங்க."