ஒரு முழம் குறைய

ஆதம்பாவா மேசன் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் முறியும் என்பது கல்முனைக்குடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அப்படிக் கால் முறிந்த ஈயைக் கண்ணால் கண்டவர்கள் மூன்று பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஹாஜியார், பொய் சொல்ல மாட்டார். நாற்பது வருஷத்தில் மேசன் கட்டிய வீடுகளை வரிசையாக வைத்தால், அக்கரைப்பற்றில் தொடங்கி, கொழும்பைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடும்.

அப்படிப்பட்ட மனிசனிடம் போய், "இந்தச் சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாமல் விடுங்கள்" என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வந்தது.

சொன்னவர் நஹூம். லண்டனில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற யூதர். கோமாரியில் கடலோரமாக ஒரு துண்டுக் காணியை நீண்ட குத்தகைக்கு எடுத்து, இரண்டு அறையில் வீடு கட்டினார். தாய் பக்தாதில் பிறந்தவள். அதனால் அரபு தண்ணீர் மாதிரி வரும். மேசனும் ஜித்தாவில் ஒன்பது வருஷம் சுவர் பூசியவர். இரண்டு கிழவர்களும் மூன்று மாதம் கதைத்த கதையில் அந்தக் கடற்கரைக் காகங்களுக்கே அரைவாசி அரபு பாடமாகிவிட்டது.

வாசலுக்கு நேரெதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். 'பாவம், சீமெந்து முடிந்துவிட்டது, சொல்ல வெட்கப்படுகிறார்' என்று மேசன் முடிவுகட்டினார். கடைசி நாள், நஹூம் சாமான் வாங்கப் பொத்துவிலுக்குப் போன நேரம் பார்த்து, சொந்தச் சீமெந்தில் அந்த முழத்தையும் பூசி, முகம் பார்க்கலாம் போல் தேய்த்துவிட்டு, அன்பளிப்புச் செய்த பெருமையோடு பஸ் ஏறினார்.

விட்டுவந்த கரண்டி, மட்டப்பலகை ஆயுதங்களை எடுக்க இரண்டு நாள் கழித்துப் போனார். ஓகஸ்ட் மாதத்து வெயில் அடுப்பாக எரிகிறது. நஹூம் வெறுங்காலோடு தரையில் குந்தியிருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது. மேசன் ஸலாம் சொன்னார். பதில் இல்லை. பாறையைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பாறை இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கும். மேசன் சுவரைப் பார்த்தார். பூச்சைக் கொத்தி எடுத்திருந்தது. கணக்கு வாத்தியார் கொத்திய கொத்து. சுவருக்குப் பெரியம்மை வந்த மாதிரி இருந்தது. மேசனுக்குத் தன் கன்னத் தோலை உரித்தது போலாயிற்று.

"நேற்று மாலை நான்தான் கொத்தினேன்" என்றார் நஹூம். "கோபிக்க வேண்டாம். இன்று எங்களுக்கு நோன்பு. நேற்றுச் சூரியன் மறைந்ததிலிருந்து தண்ணீரும் இல்லை. இன்றைக்கு நாங்கள் யாருக்கும் ஸலாம் சொல்வதில்லை."

"ஏன்?"

"மரண வீட்டில் இருக்கிறோம். ஜெரூசலத்தில் எங்கள் இறை இல்லம் எரிந்த நாள் இது. இரண்டு தரம் கட்டினோம். இரண்டு தரமும் இதே நாளில் போயிற்று."

"எப்ப?"

"பிந்தியது எரிந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷம்."

மேசன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். அவ்வளவு பழைய மையித்துக்கு அழுகிற ஆட்களை அவர் கண்டதில்லை. "எரித்தவனுடைய பேரன் பேத்திகூட மண்ணாகியிருப்பார்கள். இன்னும் யார் மேல் கோபம்?"

"எரித்தவன் மேல் இல்லை. எங்கள் பெரியவர்கள் சொல்லிவைத்தது வேறு. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தொழுதார்கள், தர்மம் செய்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் காரணமில்லாமல் வெறுத்தார்கள். அந்த வெறுப்புத்தான் வீட்டை எரித்ததாம். அந்த இல்லம் மறுபடி கட்டப்படாத ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தானே இடித்த மாதிரி." நஹூம் சுவரைக் காட்டினார். "வீடு கட்டலாம், கலியாணம் செய்யலாம், சிரிக்கலாம். தடையில்லை. எல்லாம் ஒரு முழம் குறைய. முழுக்கப் பூசிவிட்டால், குறை ஒன்றுமில்லை என்று பொய் சொன்னதாகிவிடும்."

மேசனின் நாக்கு சும்மா கிடக்காது. "அப்ப இந்த நாளில் உங்கள் ஆட்கள் அங்கே குண்டு போட்டு இடிக்கிற வீடுகளுக்கு? அதில் கிடக்கிற பிள்ளைகளுக்கு? எத்தனை முழம் விடப் போகிறீர்கள்?"

நஹூம் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "இந்த வருஷம் எனக்கு ஒரு நாள் நோன்பு போதாது" என்றார்.

மேசன் கல்முனை வந்து சேரும்வரை பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. கண்டக்டர் பயந்து இரண்டு தரம் வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார்.

இருபது வருஷத்துக்கு முந்திய மார்கழியில், கடற்கரையில் அவர் தன் கையால் கட்டிய முதல் வீட்டைக் கடல் எடுத்தது. வீட்டோடு மூத்தவள் அப்ராவையும் எடுத்தது. ஆறு வயது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பெண்சாதி றுகையா அன்றிலிருந்து அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. மேசனும் எடுத்ததில்லை, எடுக்காமல் இருக்கத்தான் அத்தனை வீடு கட்டினார்.

இப்போது இளையவள் அஸ்பியாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். வீடு முடிந்தால்தான் கலியாணம். வீடு அரைகுறையாகக் கிடந்ததால் முன்னமே ஒரு சம்பந்தம் கலைந்து போயிருந்தது. மேசன் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் முடித்தார். வாசலுக்கு நேரே ஒரு முழத்தை மட்டும் விட்டார்.

"இதென்ன, சுவருக்குச் சொறி புடிச்சிரிக்கா?" என்றாள் றுகையா.

"கிடக்கட்டும்."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி பூசிப்போட்டு, பெத்த புள்ளைக்கு மட்டும் சிரங்கு."

"கிடக்கட்டுமெண்டு சொல்றன்" என்றார். எதற்கென்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் ராத்தா றினோஸா வீடு பார்க்க வந்தாள். தாயில்லாத தம்பிக்கு அவள்தான் எல்லாம். பல்லி ஒளித்த இடம்கூட அவள் பார்வைக்குத் தப்பாது. கூரையைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், கடைசியில் வாசலில் நின்று நேரே பார்த்தாள்.

"மாமா, வீடு முடியல்லியே."

"முடிஞ்சிட்டு மகள். அது அப்படித்தான்."

"எப்படித்தான்?"

சீமெந்து போதவில்லை, நாளைக்குப் பூசுகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். மேசனுக்குச் சுவர் பூசத் தெரியும். பேச்சைப் பூசத் தெரியாது. "கடல் கொண்டுபோன வீட்டுக்கும், அதோட போன என்ட மூத்தவளுக்கும் விட்டது" என்றார்.

கதவுக்குப் பின்னால் றுகையாவின் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டு ஒருமுறை கிணுங்கியது.

றினோஸாவின் முகம் கொஞ்சம் இளகியது. "அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். ஆனா மாமா, மௌத்துக்குத் துக்கம் மூணு நாள்தானே. சுவருல துக்கம் வைக்கச் சொல்லி எந்த மார்க்கத்துல இரிக்கி?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். மேசன் கோமாரியையும் நஹூமையும் நோன்பையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"யூதன்ட சுவரா?" என்றாள் றினோஸா. குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தொழுகையிலயும் அங்க சாகிற புள்ளைகளுக்குக் கையேந்தி அழுறம் மாமா. என்ட தம்பி இந்தச் சுவரப் பாத்துக்கொண்டா ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள்ள வரணும்?"

"அந்த மனிசனும் அழுதான் மகள்."

"அழட்டும். அவன்ட வீட்டுல அழட்டும். பூசினாக் கலியாணம். பூசாட்டி ஆளவிடுங்க." தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினாள்.

அஸ்பியா வந்து சுவரோரமாக நின்றாள். "பூசிவிடுங்க வாப்பா."

"உன்ட ராத்தாக்கு விட்டதுடா மகள்."

"எனக்கு அப்ப மூணு வயசு வாப்பா. ராத்தாட முகம் எனக்கு ஞாபகமே இல்ல. இல்லாத முகத்துக்காக நான் வீட்டோட இரிக்கணுமா?"

அவள் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் கொடுமை.

அன்று பின்னேரமே சீமெந்து குழைத்தார். மணலை மூன்று தரம் அரித்தார். வேலை தெரிந்த கைக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அந்த முழத்தில் நாற்பது வருஷத் தொழிலையும் இறக்கினார். ஓரம் தெரியாமல், ஒட்டுத் தெரியாமல் தேய்த்தார். காய்ந்ததும் சுவர் முழுக்க ஒரே நிறத்தில் இரண்டு கை வர்ணம் அடித்தார். கலியாணம் நடந்தது. ஊரில் பாதிப்பேர் சாப்பிட வந்து, மற்றப் பாதிப்பேருக்குப் பொதி கட்டிக்கொண்டு போனார்கள். றினோஸா வாசலில் நின்று, "இப்பதான் மாமா வீடு வீடு மாதிரி இரிக்கி" என்று வாயாரச் சிரித்தாள்.

வீட்டை மகளுக்குக் கொடுத்தாயிற்று. இனிப் பெற்றோருக்குப் பின்வளவில் இருக்கும் சின்ன வீடு. சாமான் தூக்கிய அன்று காலையில் றுகையா வெறும் மண்டபத்தில் தனியாக நின்றாள். பிறகு சுவரோரம் போய், உள்ளங்கையை விரித்து மெல்லத் தடவினாள்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "அப்ராக்கு விட்டது எவடம்?"

இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை மேசன் அவள் வாயால் கேட்டார். ஓடி வந்தார். வாசலிலிருந்து காலடி வைத்து அளந்தார். சுவரில் கை வைத்தார். இடப்பக்கம் தடவினார், வலப்பக்கம் தடவினார், விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கும் ஒரே சத்தம், ஒரே வழுவழுப்பு.

"இவடம்தான்" என்றார். அடுத்த கணம் கையை ஒரு சாண் தள்ளி வைத்தார். "இல்ல... இவடமா இரிக்கும்."

றுகையா அவர் கை நகர்ந்த இடமெல்லாம் தன் கையையும் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.