புதுக் கயிறு

பொற்கொடி, செத்துக் கிடந்த அப்பன் அங்கப்பனின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தேய்த்தாள். அலசத் தண்ணீர் போதவில்லை. புயல்காற்று மின்கம்பங்களைச் சாய்த்ததிலிருந்து காலனித் தொட்டி காய்ந்து கிடந்தது. மோட்டார் ஓடினால்தானே தொட்டி நிறையும். சித்தி சின்னாத்தாள், முதலாளி வரதராஜுலுவின் தோட்டத்துக் கிணற்றில் சேந்தி வந்த ஒரு குடம்தான் இருந்தது.

அங்கப்பனின் நெஞ்சு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுவலி என்று தோட்டத்திலிருந்து ஊருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். பொற்கொடி அந்த இடத்தில் மட்டும் தண்ணீரை மெதுவாக விட்டாள்.

தோட்டத்து லைனுக்குக் கம்பம் தூக்கத்தான் நேற்றுப் போனார். லைன்மேன் ஒருத்தர், இழுக்கக் காலனி ஆட்கள். தோட்டத்துக்கு முதலில், காலனிக்குப் பிறகு என்று மேஸ்திரி பாலுசாமி சொல்லியிருந்தார். கயிற்றைத் தொட்டதுமே அங்கப்பன் கேட்டாராம்.

"இது இத்துப்போச்சுங்க. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"ஏய்யா, ஊஞ்சலா கட்டப்போறே? இழுய்யா," என்று பாலுசாமி சிரித்தாராம்.

கம்பம் பாதி எழுந்தபோது கயிறு அறுந்து, கம்பம் அவர் நெஞ்சில் விழுந்தது. பின்னால் அதே கயிற்றைப் பிடித்திருந்த சித்தப்பன் ஐயாசாமி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அங்கப்பன் செத்த பிறகு புதுக்கயிறு வந்துவிட்டது. உடுமலைப்பேட்டைக்கு ஜீப்பே போய் வந்தது. விடிந்ததும் பாலுசாமி அதைக் காலனி முக்கில் இறக்கிப்போட்டு, "காரியத்த முடிச்சுப்போட்டுக் கயித்தோட வந்துருங்க," என்று சொல்லிப் போயிருந்தார்.

மூங்கில் வந்துவிட்டது. தென்னங்கீற்றைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. காற்று வழியெல்லாம் பிய்த்துப் போட்டிருந்தது.

"பாடை கட்டக் கயிறு வேணுமே," என்றார் ஐயாசாமி.

பொற்கொடி முக்குக்குப் போனாள். கயிற்றுச் சுருணையைத் தூக்கி வந்து அவர் முன்னால் போட்டாள்.

"இது தோட்டத்துதாச்சே, கண்ணு."

"எங்கய்யன் கேட்டதுங்க சித்தப்பா. கட்டுங்க."

அவர் சுருணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டினார். மீதியை அறுக்க அரிவாளை எடுத்தார்.

"அறுக்காதீங்க."

பாலுசாமி மாலையோடு மொபெட்டில் வந்து இறங்கினார். மாலை போடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இதென்னய்யா கூத்து? லைன்மேன் அங்க காத்துக் கெடக்குறாரு!"

பாலுசாமி பொற்கொடியின் பக்கம் திரும்பினார்.

"சரி, சாவூடு. கட்டுனது போவுட்டும். மிச்சத்த அறுத்துக் குடு அம்மணி."

"துண்டுக் கயிறு கம்பத்துக்கு எட்டாதுங்க. இன்னொருத்தரு நெஞ்சுல உழுகும்."

"அப்ப அவுத்துக் குடு."

"நீங்களே அவுத்துக்கங்க."

பாடையில் ஏறின கயிறு சுடுகாட்டோடு சரி. திரும்பிக் கொண்டுவந்தால் இன்னொரு பாடை கேட்கும். பாலுசாமிக்கும் அது தெரியும். அவர் கை நீளவில்லை.

"மொதலாளிகிட்ட என்னன்னு சொல்றது? காலனிக்கும் கரண்டு வராது, பாத்துக்கங்க."

"வந்த கரண்டுல நாங்க மில்லுங்களா ஓட்டுனோம்?" என்றாள் சின்னாத்தாள். "குடிசைக்கு ஒரு பல்பு. வராட்டிப் போவுதுங்க."

பாலுசாமி மாலையைப் பாடைமேல் வைத்துவிட்டு விலகினார்.

நாலு பேர் தூக்கினார்கள். தெரு முக்கோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். அறுக்காத கயிறு பாடைக்குப் பின்னால் சேற்றில் நீளமாக இழுபட்டுப் போனது. சாய்ந்து கிடந்த கம்பத்தின்மேல் ஏறி இறங்கி, மொபெட் சக்கரத்தை உரசியது. பாலுசாமி வண்டியைப் பின்னால் தள்ளி வழிவிட்டார்.

பொற்கொடியின் கையில் அப்பனைக் குளிப்பாட்டிய சொம்பு இருந்தது. கயிற்றின் நுனி இட்டேரிப் பாதை வளைவில் மறையும் வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.