எல்லையில் திரும்பிய பலகை

"திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார் மேஸ்திரியின் வீட்டுக்காரர், எல்லையிலிருந்து கைபேசியில்.

"யாரை, உங்களையா?"

"என்னை எதுக்குடி அனுப்பறாங்க? பலகையை! நேத்து வரைக்கும் இல்லாத வரி. பாதி விலைக்கு மேல போட்டிருக்காங்க. வாங்கறவர் வேண்டவே வேண்டாம்னுட்டார்."

மர அறுவை மில்லில் அவள்தான் மேஸ்திரி. அங்கே அறுக்கும் பலகையை லாரியில் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோவது அவர். மலிவான மரம் வந்து தங்கள் மில்களைப் படுக்க வைக்கிறது என்று அந்த நாட்டார் ஆறு மாதமாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வரியைப் போட்டு எல்லைக் கேட்டை இறக்கிவிட்டார்கள். முதலாளி அமைச்சரைப் பார்க்கத் தலைநகருக்கு ஓடினார். போகிற போக்கில் "பாத்துக்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

பார்த்துக்கொள்ள வேண்டியது மலைபோல் வந்தது. காட்டில் மரம் வெட்டும் குத்தகை அவளுடைய சொந்த அண்ணனுடையது. பலகை போகாவிட்டாலும் வெட்டிய மரத் தடிகள் மட்டும் மில்லில் வண்டி வண்டியாக இறங்கின.

"அண்ணே, போதும். நிறுத்துங்க."

"எப்படி நிறுத்துவேன் தங்கச்சி? மழை வந்தா பாதை சேறாயிடும். வெட்டினதைக் காட்டுல விட்டா வண்டு தின்னுடும். கொஞ்சம் நகத்தி இடம் பண்ணேன்!"

நகர்த்தினாள். முற்றம் நிறைந்தது. பலகை சைக்கிள் கொட்டகைக்குள் புகுந்தது, பிறகு சாப்பாட்டு அறைக்குள் புகுந்தது. முதலாளி அறையின் கதவைத் திறக்கவே முடியவில்லை. ஆட்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். ஐந்தாம் நாள், அறுத்தால் வைக்க ஒரு சாண் இடமில்லை என்று ரம்பத்தை நிறுத்தினாள்.

ஆறாம் நாள் காலை, தடிக் குவியலின் மேல் டை கட்டிய ஒரு மனிதர் தவழ்ந்து வந்தார். பாதியில் ஒரு ஷூ கழன்று உள்ளே விழுந்தது. காகித ஆலையின் மேலாளர்.

"சீவல் எங்கம்மா?" என்று மேலேயிருந்தே கத்தினார். "நீங்க அறுக்கும்போது விழற சீவல்லதான் எங்க காகிதமே. வரத்து நின்னுபோச்சு. மெஷின் நின்னுபோச்சு. முந்நூறு பேர் சும்மா உக்காந்து என் மூஞ்சியவே பாக்கறாங்க!"

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒற்றை ஷூ, தலையெல்லாம் மரப்பட்டை. சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அங்க மரம் இல்லாம சாகறீங்க. இங்க மரத்தால சாகறோம்!"

முறைத்தவர், ஒரு கணம் கழித்துத் தானும் சிரித்துவிட்டார். சிரிப்பின் நடுவே அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"சார், உங்க குடோன் இப்ப காலியா?"

"காத்தாடுது."

"லாரிங்க?"

"பன்னெண்டு. எல்லாம் தூங்குது."

"அனுப்புங்க. சீவலோட பலகையையும் ஏத்திக்குங்க. மழை படாம, காத்தோட்டமா அடுக்கி வச்சாப் போதும். அங்க இடம் கொடுத்தா இங்க ரம்பம் ஓடும். ரம்பம் ஓடினா உங்களுக்குச் சீவல்."

அனுமதி கேட்க முதலாளியை அழைத்தாள். அமைச்சர் அறை வாசலில் காத்திருந்தவர், "எதுவோ பண்ணு தாயே, கூப்பிடறாங்க" என்று கிசுகிசுத்துவிட்டுத் துண்டித்தார்.

மதியத்துக்குள் பன்னிரண்டு லாரிகளும் வாசலில் நின்றன. மேஸ்திரி விசையை அழுத்தினாள். ரம்பம் முதலில் முனகி, பிறகு ஒரே பாய்ச்சலாகக் கூவியது. யாரோ விசில் அடித்தார்கள். மரத்தூள் மஞ்சள் மழையாகப் பறந்தது. மேலாளர் டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு, சீவலை இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தார். அப்போதுதான் தடி வண்டியோடு வந்த அண்ணன் வாயைப் பிளந்தார். "என்ன தங்கச்சி, வீட்டுல விசேஷமா?"

"இறக்குங்கண்ணே, இறக்குங்க! இன்னும் இருந்தா கொண்டாங்க!"

அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவளே நினைத்ததில்லை.

வரித் தகராறு நாற்பது நாள் இழுத்தது. பலகை விலை எகிறியதும், அந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்களே தங்கள் அரசோடு மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் வரியை எடுத்தார்கள். குடோனிலிருந்து முதல் லோடு கிளம்பிய அன்று, எல்லையைப் பார்த்ததே இல்லை என்று மேலாளரும் லாரியில் தொற்றிக்கொண்டார். சுங்க அதிகாரி சீட்டில் முத்திரை குத்தியபோது அவர் எழுந்து நின்று கைதட்டினாராம். அதிகாரி பயந்துபோய் இன்னொரு முத்திரையும் குத்திக் கொடுத்தாராம்.